ஓட்டியவர்

ஜனவரி 4, சனி

மார்கழி இருபது. சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்தேன். சிலிண்டர் மாற்றினேன். போனது முப்பத்தெட்டு நாள் வந்திருக்கிறது, நாற்பத்தொன்று வர வேண்டியது. லீவில் மகள் யாழினிக்குத் தினமும் வெந்நீர் போட்டதில் மூன்று நாள் போய்விட்டது.

இந்த டைரி மருந்துக் கடையில் கொடுத்தது. நான் ஐந்தாவதோடு நின்றவள். யாழினியின் பாடப் புத்தகங்களைப் பார்த்து எழுதிப் பழகியதுதான் என் படிப்பு.

மீட்டர் நோட்டு தனி. அவர் நூற்பாலைக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸில் டிரைவர். அங்கே தினமும் டிரிப் ஷீட் எழுத வேண்டும்: தேதி, புறப்பட்ட மீட்டர், வந்த மீட்டர், ஓட்டியவர். வீட்டு வண்டிக்கும் அதேபோல் போடு என்று கல்யாணமான வருடமே கட்டம் கிழித்துக் கொடுத்தார். என் தம்பி வண்டியை எடுத்தால் ஓட்டியவர் கட்டத்தில் தம்பி பெயர் எழுதுவேன். அவர் ஓட்டினால் கட்டத்தை வெறுமையாக விடுவேன். கட்டினவர் பெயரை வாயால் சொன்னாலும் கையால் எழுதினாலும் அவர் ஆயுசுக்கு ஆகாது. பதிமூன்று வருடமாக அந்த நோட்டில் வெறுமை என்றால் அவர்.

நாளை மூன்று பேர் இரண்டு பைக்கில் மேகமலை போகிறார்கள். அவர், சுருளி அண்ணன், தையல் கடை அழகுராஜா அண்ணன். எட்டாவதில் ஒரே பெஞ்ச். வருடத்தில் ஒரு நாள் இப்படி வண்டி எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள், விடிகாலை போய்ப் பொழுது சாய வருவார்கள். சாயந்திரம் சுருளி அண்ணன் வந்து வாசலிலேயே நின்று சத்தம் போட்டார்.

"மதினி, நாளைக்கு உங்க வீட்டுக்காரனக் கடத்திட்டுப் போறோம். திரும்ப வேணும்னா புளிச்சோறு கட்டிக் குடுங்க. ஏ மாப்ள, மலையில பஸ் ஓட்டுற நெனப்புல நடு ரோட்டப் புடிச்சுட்டு வராதடா. வளைவுக்கு வளைவு உன் ஹாரனக் கேட்டே எனக்குக் காது போகுது. ரெண்டு சின்னது, ஒரு பெரிசு. காட்டுமாடே ஒன்னப் பாத்து ஒதுங்குது."

அழகுராஜா அண்ணன் சிரித்துக்கொண்டே நின்றார். பொங்கலுக்கு என் பச்சை ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். கேட்டேன். "ஒரு கை வச்சாச்சு மதினி. இன்னொரு கை திங்கக்கிழமை."

"மாரீசு விட்டுச்சா உங்கள?"

"பின்னாடி உக்காந்து போறவனுக்கு என்னா மதினி பயம்? பாப்பா தலையில அடிச்சுல்ல சத்தியம் பண்ணியிருக்கேன்."

அது இரண்டு வருடத்துக்கு முந்தியது. அழகுராஜா அண்ணனுக்கு எப்போதாவது வலிப்பு வரும். ஒரு நாள் பாப்பாவை முன்னால் வைத்து வண்டியில் போகும்போது வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் இல்லை. பாப்பாவுக்குத் தாடையில் மூன்று தையல். அன்றே அவர் மனைவி மாரீஸ்வரி, அம்மன் கோயிலில் வைத்துச் சத்தியம் கேட்டு வாங்கினாள். "இனிமே ஹேண்டில்பாரத் தொட்டா இந்தப் பிள்ளை எங்களுக்கு இல்லாமப் போகட்டும்" என்று பாப்பா தலையில் அடித்துச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். அதிலிருந்து அவர் சைக்கிள்கூடத் தொட்டதில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

காலை 5.10. புறப்பட்ட மீட்டர் 41,212. புளிச்சோறு, உருளைக்கிழங்கு, பருப்புத் துவையல். அவருக்கு வாழையிலையில் தனியாகக் கட்டினேன்.

8.00. மலையடிவாரத்திலிருந்து பேசினார். கருப்பசாமியிடம் நின்று கயிறு கட்டியாகிவிட்டது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் காபி குடித்தேன். மலையேறும் எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது. ஓட்டுகிறவருக்கு மட்டும் வலது மணிக்கட்டில் பூசாரி கறுப்புக் கயிறு கட்டுவார். பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்குக் கட்ட மாட்டார். மலைமேல் வேறொருவர் வண்டியை வாங்கினால் கயிற்றையும் அவிழ்த்து அவர் கையில் கட்ட வேண்டும். இறங்கி வந்ததும் ஓட்டியவரே அவிழ்த்து வேலில் கட்ட வேண்டும். கை மாறினா கயிறு மாறணும் என்பார்கள். போன ஆடியில் மில் பெண்களை அங்கே அழைத்துப் போனபோது, மாற்று டிரைவர் ஒரு பர்லாங்கு ஓட்டுவதற்கு இவர் பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்திக் கயிறு மாற்றினார். முப்பது பெண்களும் கேலி செய்தார்கள். இவர் அசையவில்லை.

மதியம். மாரீஸ்வரி பாப்பாவோடு வந்தாள். இரண்டு பேரும் மொட்டை மாடியில் மிளகாய் வற்றல் காயப்போட்டோம். ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அழகுராஜா அண்ணன் பேசினார்.

"மதினி, உங்க புளிச்சோத்துக்குக் கொரங்கு வரிசையில நிக்குது. சுருளி தான் பங்கக் குடுக்க மாட்டேண்டு அதோட சண்ட போடுறான். எங்க பாப்பா? ஏ பாப்பா, அப்பா மேகத்துக்குள்ள நிக்கிறேன். கைய நீட்டினா கையக் காணோம்!"

"சட்டைப் பையில கொஞ்சம் புடிச்சுட்டு வாப்பா" என்றாள் பாப்பா.

"புடிச்சுட்டு வர்றேன். பட்டன் போட்டு மூடிட்டேன்."

மாரீஸ்வரி போனைப் பிடுங்கினாள். "ஏங்க, பின்னாடிதான் உக்காந்திருக்கீக?"

"ஆமாடி, பின்னாடிதான். அண்ணன் முதுகப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு."

7.20. சுருளி அண்ணன் போன் செய்தார். அழகுராஜா அண்ணன் இல்லை.

ஜனவரி 6, திங்கள்

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். நாலரைக்கு எடுத்துவிட்டார்கள். யாழினியைப் பக்கத்து வீட்டில் விட்டேன்.

அவருக்கு வலது கையில் முழங்கையிலிருந்து விரல் வரை கட்டு. முட்டியில் சிராய்ப்பு. மற்றபடி சாமி புண்ணியம். எல்லோரும் சுற்றி நின்று கேட்டதற்கு அவர் சொன்னது: காட்டுமாட்டுக் கூட்டம் வழியை மறித்து அரை மணி நேரம் போய்விட்டது. ஆறு மணிக்குச் செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள், அதற்குள் இறங்க வேண்டும். சுருளி முன்னால் போய்விட்டான். பாதி மலையில் அழகுராஜா, கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேன், எத்தனை வருசமாச்சு என்று கெஞ்சினான். பாவமாக இருந்தது, கொடுத்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் வலிப்பு வந்துவிட்டது. வண்டி தடுப்புச் சுவரில் மோதியது.

மாரீஸ்வரி அதுவரை அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "அவரா ஓட்டுனாரு?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "அண்ணே, அவரா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். பிறகு பாப்பாவை இழுத்து மடியில் போட்டு, அதன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிணத்தை எடுக்கும்போதுகூடக் கையை எடுக்கவில்லை.

கோடி போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணனுடைய இரண்டு கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விரலில் ஊசி குத்திய தழும்புகள். மணிக்கட்டில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

துணி துவைத்தேன். அவர் சட்டையில் கறை போகவில்லை. இரண்டு தடவை உப்புப் போட்டு ஊறவைத்தேன். கடைசியில் அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றார். நானே மாற்றினேன். புண் ஆறி வருகிறது. மணிக்கட்டில் கயிறு இருந்தது. ரத்தத்தில் ஊறி, காய்ந்து, கம்பி மாதிரி ஆகியிருந்தது.

"அறுக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்" என்று கையை இழுத்துக்கொண்டார்.

அவசரத்தில் கயிறு மாற்ற மறந்திருப்பார். செக்போஸ்ட் மூடுகிற நேரம். இருட்டு வேறு. யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும். புதுக் கட்டை அதற்கு மேலேயே சுற்றினேன்.

பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்று சொன்னேன். வீட்டில் இவர் இப்போது காபி குடிப்பதில்லை.

ஜனவரி 10, வெள்ளி

சொர்க்கவாசல் திறப்பு. பெருமாள் கோயிலுக்குத் தனியாகத்தான் போனேன். பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் வரிசையில் பேசிக்கொண்டார்கள். "லைசென்சு இல்லாம, வலிப்ப வச்சுக்கிட்டு, ஓட்டிப் பாக்கணும்னு ஆச! கூட வந்தவனையும்ல சேத்துக் கொல்லப் பாத்திருக்கான்." நான் திரும்பவில்லை. அழகுராஜா அண்ணன் அவர்களுக்கும் சீருடை தைத்தவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார். "சுருளிப் பய ஸ்டேஷன்ல ஒளறி வச்சிருக்கான், இவன் வீட்ல வண்டிக்கு நோட்டுப் போடுவாகண்டு. ரைட்டர் கொண்டாரச் சொல்லியிருக்காரு. அந்தக் கட்டத்துல அழகுராஜாண்டு எழுதிரு."

பேனாவில் மை இல்லை என்றேன். இல்லைதான், இதை யாழினி பேனாவில்தான் எழுதுகிறேன். அப்புறம் வாங்கவும் மறந்துவிட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

மலைக்குப் போய் ஒரு வாரம்.

சுருளி அண்ணன் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அவர் பின்கட்டில் படுத்திருந்தார். சுருளி அண்ணன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, நான் கேட்காமலே பேசினார்.

"நல்ல நாளு மதினி அது. அணைக்கு மேல நின்னா நாலு பக்கமும் தேயில. அழகு சின்னப் பிள்ளை மாதிரி ஓடுறான். ஒரு பூவப் பறிச்சு, இந்தக் கலர்ல எங்க துணி கெடைக்கும்ங்கிறான். எறங்குறப்பத்தான் அந்த மாட்டுக் கூட்டம். மணி அஞ்சரை. இவனுக்குப் பதட்டம், மறுநாள் காலை ஷிப்ட்டு, கேட்ட மூடிட்டா மலையிலயே கெடக்கணும். நான் முன்னாடி போய்ட்டேன். மேல வளைவுக்கு வளைவு அவன் ஹாரன் கேட்டுக்கிட்டே வந்துச்சு. ரெண்டு சின்னது, ஒரு பெரிசு. வர்றான், வர்றாண்டு நெனச்சுக்கிட்டே எறங்குறேன். பன்னெண்டாவது வளைவுல ரெண்டு சின்னதுதான் கேட்டுச்சு. பெரிசு கேக்கவே இல்ல மதினி."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அழகுதான் அடிச்சிருப்பான். இவன மாதிரியே அடிச்சுப் பாத்திருப்பான்" என்றார்.

"இருக்கும்ணே" என்றேன்.

பிறகு பின்கட்டில் இரண்டு பேரும் பேசியது கேட்டது. கேட்க வேண்டும் என்று போகவில்லை. தண்ணீர் கொண்டுபோனேன். "செத்தவன் மேல கேசு நிக்காதுடா. ஒனக்கு லைசென்சு போனா சோறு போச்சு" என்றார் சுருளி அண்ணன். அவர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு குளியலறைக்குள் வெகுநேரம் இருந்தார். ஒரு வாளி நிறைந்து வழிந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பால் பொங்கியது. யாரும் குலவையிடவில்லை.

ஜனவரி 20, திங்கள்

பதினாறாம் நாள் காரியம். அவர் முன்னால் நின்று எல்லாம் செய்தார். பந்தல்காரனைப் பார்த்தார், தண்ணீர் சுமந்தார், இலை எடுத்தார். ஊரே சொன்னது, சிநேகிதம்னா இப்படி இருக்கணும் என்று. அவர் மட்டும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

பாப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். டாக்டர் சளிக் காய்ச்சல் என்கிறார். மாரீஸ்வரி அப்படிச் சொல்லவில்லை. "சத்தியம் பிள்ளையத் தேடி வந்துருச்சுக்கா" என்றாள்.

"அப்படியெல்லாம் சொல்லாத மாரீசு."

"நீங்களும்தான நின்னீக? எங்களுக்கு இல்லாமப் போகட்டும்ண்டுல்ல சொன்னாரு. அவருக்கு ஆச வந்துச்சு, தொட்டுட்டாரு, போய்ட்டாரு. அது பாட்டுக்கு நிக்குதுல்ல?"

நான் சாமி கும்பிடுகிறவள். தலையில் அடித்த சத்தியம் பலிக்காது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பலிக்கும் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அது மீறிய சத்தியமாக இருந்தால்தானே.

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். மை பரவிவிடும். இருக்கட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

தை இரண்டாம் வெள்ளி. மாவிளக்கு போட்டுவிட்டு, கொஞ்சம் எடுத்துக்கொண்டு மாரீஸ்வரி வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அவள் இல்லை. பாப்பா தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தது. இடுப்பில் துணி அளக்கும் டேப்பைக் கட்டி, மறுமுனையை மிஷின் காலில் முடிந்திருந்தது. மொட்டை அடித்திருந்தார்கள்.

"அம்மா தண்ணி புடிக்கப் போயிருக்கு பெரியம்மா. நான் ரோட்டுக்குப் போனா லாரி அடிச்சிரும். கெணத்துக்கிட்டப் போனா விழுந்துருவேன்" என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னது. மாவிளக்கைப் பிட்டுக் கொடுத்தேன். "அப்பா சட்டை எங்க பெரியம்மா? பையில மேகம் இருக்கு" என்றது.

மாரீஸ்வரி குடத்தோடு வந்தாள். முடிச்சை அவிழ்க்கவில்லை. என் பச்சை ரவிக்கையை எடுத்துக் கொடுத்தாள். "ஒரு கை அவரு தைச்சது. இன்னொன்னு நான் தைச்சேன். சரியா வரலக்கா." பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"பாப்பாவத் தவிட்டுக்குக் குடுக்கப் போறேன்."

பிள்ளை தங்காத வீட்டில் செய்வதுதான். ஒரு முறம் தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையை இன்னொருத்திக்கு விற்றதாகக் கோயிலில் கொடுப்பார்கள். சாமியை ஏமாற்றத்தான். சாயந்திரமே பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு வந்துவிடும்.

"சும்மா பேருக்கில்லக்கா. நெசமாவே. திருப்பூர்ல எங்கக்காளுக்குப் பிள்ளை இல்ல. தை மூணாம் வெள்ளி வர்றா, கூட்டிட்டுப் போறா. நான் இனிமே போய்ப் பாக்கவும் கூடாது. எங்களுக்கு இல்லாமப் போகணும்ண்டுதான சத்தியம்? சாமி எடுக்குறதுக்கு முன்னாடி நானே குடுத்துட்டா, பிள்ளை எங்கிட்டாவது உசுரோட இருக்கும்ல?"

அவள் கணக்கில் தப்பு இல்லை. கொடுத்த எண்தான் தப்பு.

ஜனவரி 25, சனி

ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். இடது கை இறுக்குகிறது.

ஜனவரி 27, திங்கள்

அவர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். கட்டு அவிழ்த்தாயிற்று. முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். உள்ளே கயிறு இருக்கிறது. குளிக்கும்போதுகூட எடுப்பதில்லை.

சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னேன். "மாரீசு பிள்ளையக் குடுக்கப் போகுதாம்."

"கேள்விப்பட்டேன்."

"வெள்ளிக்கிழமை."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவ அக்கா வீட்ல வசதி. பிள்ளை நல்லாத்தான் இருக்கும்."

நான் ரசம் ஊற்றினேன். போதும் என்று சொல்லவில்லை. இலையை விட்டு வழிந்தது. அப்போதும் சொல்லவில்லை.

"நோட்டுல எழுதிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"பேனா வாங்கணும்."

"யாழினிட்ட இல்லாத பேனாவா?"

"அவ எழுதுற பேனா. அதுல எழுதக் கூடாது."

எதில் என்ன எழுதக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். இரண்டு கவளம்கூட இறங்கவில்லை.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்தேன். எடுக்கவில்லை. வேறு இடத்தில் வைத்தேன். அங்கேயும் எடுக்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டு மணி. அவருக்கு இன்று இரண்டாம் ஷிப்ட், வீட்டில் இருந்தார். யாழினி பள்ளிக்கூடத்துக்குத் தயாராகி, ரிப்பன் கட்டிக்கொண்டு, சாப்பிட உட்காரப் போனாள். தோசைக்கல் அடுப்பில் இருந்தது.

மாரீஸ்வரி வந்தாள். இடுப்பில் பாப்பா, புதுப் பாவாடை, மொட்டைத் தலையில் சந்தனம். பின்னால் அவள் அக்காள், கையில் ஒரு முறம் தவிடு. கோயிலுக்குப் போகிற வழி. மாரீஸ்வரி உள்ளே வரவில்லை. படியில் நின்றாள்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருறேன். கோவிச்சுக்கிராதீக."

அவர் எழுந்து போனார். "என்னம்மா?"

"அவருதான ஓட்டுனாரு?"

"அன்னைக்கே சொன்னேனேம்மா."

"சொன்னீக. நான் ஒங்கள நம்பாம இல்லண்ணே. ஒங்கள நம்பித்தான் பிள்ளையவே குடுக்கப் போறேன். ஆனா பெத்த வயிறு கேக்க மாட்டேங்குது. தண்ணி எடுக்கப் போனாலும், இல்லடி, அவரு தொட்டிருக்க மாட்டாருங்குது. பின்னாடிதாண்டி உக்காந்திருக்கேண்டு போன்ல சொன்னாருல்லங்குது. இத மட்டும் அடக்கிக் குடுங்க. யாழினி தலையில கை வச்சு, ஒங்க சிநேகிதந்தான் ஓட்டுனாண்டு ஒரு தடவ சொல்லுங்க. நான் நிம்மதியாக் குடுத்துட்டு வந்துருறேன்."

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. கோயிலில் வரம் கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

அவள் அக்காள், "நேரமாச்சு மாரீசு, ராகுகாலம் வந்துரும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கரண்டியைப் பிடித்திருந்தேன். யாழினி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. சமர்த்தாகத் தலையைக் குனிந்தாள், ஆசீர்வாதம் வாங்குவது போல. அவர் வலது கையைத் தூக்கினார். சட்டைக் கை கொஞ்சம் மேலே ஏறியது. கயிறு தெரிந்தது. கை வந்து அவள் வகிடு மேல் இறங்கியது.

நான் யாழினியை இழுத்தேன்.

தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது. அவளை மாவு எடுத்து வரச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத்தான் இழுத்தேன் என்று சொல்லலாம். ஆனால் இழுத்த இழுப்பில் பிள்ளை சுவரில் மோதிக்கொண்டு அழுதாள். அவர் கை தூக்கியபடியே நின்றது. விரலில் அவளுடைய ரிப்பன் சிக்கித் தொங்கியது.

 

மாரீஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் யாழினி தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றேன், அவள் அன்றைக்குப் பாப்பா தலையை மூடிக்கொண்ட மாதிரி. அவள் பார்வை மெதுவாக அவர் மணிக்கட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"கயிறு..." என்றாள்.

பிறகு அக்காள் கையிலிருந்த முறத்தை வாங்கினாள். தவிடு முழுவதையும் எங்கள் வாசலில், நான் காலையில் போட்ட கோலத்தின் மேல் கொட்டினாள். பாப்பாவின் மொட்டைத் தலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு, வந்த வழியே வேகமாக நடந்தாள். கடைசியில் ஓடினாள். அவள் அக்காள் வெறும் முறத்தோடு எங்கள் வாசலில் நின்றுகொண்டு, "என்னடி ஆச்சு? ஏ மாரீசு, என்னதாண்டி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 

அவர் மதியம் வரை அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

"அறுத்துரு."

"நான் அறுக்க மாட்டேன். ஓட்டுனவரே போய் வேல்ல கட்டணும்" என்றேன்.

ஓட்டினவர் என்று அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கத்தரிக்கோலைத் தரையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

பிப்ரவரி 1, சனி

தவிட்டை அள்ளி எதிர்வீட்டு மாட்டுக்கு வைத்தேன். பெருக்கிய பிறகும் கோலம் இருந்த இடம் மஞ்சளாகத்தான் தெரிகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாரீஸ்வரி ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறாளாம். சுருளி அண்ணன் வந்து சொன்னார். "ஏன் மதினி இப்படிப் பண்ணுனீக?" என்றார். "நான் ஒண்ணும் பண்ணலண்ணே, பிள்ளைய இழுத்தேன்" என்றேன். அண்ணன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "கேட்டா, தெரியாதுண்டு சொல்லிரு. அது போதும்."

பேனா வாங்கினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பதினொரு மணிக்கு ஏட்டையா வந்தார். வயதானவர். மோர் கொடுத்தேன். நோட்டைக் கேட்டார். இவர் கதவோரம் நின்றிருந்தார், முழுக்கைச் சட்டையோடு.

ஏட்டையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எம்மா, எங்க ஸ்டேஷன் ஜீப்புக்குக்கூட இப்படி எழுதலியே" என்றார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"ஜனவரி அஞ்சு. இந்தக் கட்டம் ஏன்மா காலியா இருக்கு?"

"அவ மறந்திருப்பா சார்" என்றார் அவர்.

"மறக்கல" என்றேன்.

பதிமூன்று வருட நோட்டில் எத்தனை கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் அது எழுத்து. ஏட்டையாவுக்கு அது வெறும் கட்டம். ஊருக்கும் அப்படித்தான். அந்தக் கட்டத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் வைத்துவிடலாம். வைத்தும்விட்டார்கள்.

நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அம்மா தாயே, இவர் ஆயுசில் குறைவதை என் ஆயுசிலிருந்து எடுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். அவர் "பஞ்சவர்ணம்" என்றார். அதட்டலாக இல்லை. கூப்பிட்டது போலத்தான் இருந்தது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் எழுத மாட்டேன்.

தேதி: ஜனவரி 5
புறப்பட்ட மீட்டர்: 41,212
வந்த மீட்டர்: வரவில்லை
ஓட்டியவர்: பவுன்ராஜ்

முதல் தடவை எழுதுகிறேன். ன்-னுக்கும் ஜ்-ஜுக்கும் புள்ளி வைத்தேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வைத்திருந்தேன்.